இறங்கும்போதுதான் வலிக்கும்

முட்டி வலி என்று வாயைத் திறந்தால் போதும், கோலாலம்பூரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கோடாலித் தைலத்தைச் சூடு பறக்கத் தேய் என்பார் ஒருவர். ஆட்டுக்கால் சூப் குடி என்பார் இன்னொருவர். மாமாக் கடையில், அதாவது இங்குள்ள தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சூப் கியர்பாக்ஸ் என்று ஒன்று கிடைக்கும். மாட்டு முழங்காலை முழுசாகக் கிண்ணத்தில் வைத்து, மஜ்ஜையை உறிஞ்ச ஒரு ஸ்ட்ராவையும் குத்திக் கொடுப்பார்கள். எலும்புக்கு எலும்பு என்று ஒரு நம்பிக்கை. மருந்துக்கடைக்குப் போனால் மூட்டுக்கு நல்லது என்று குளுக்கோசமின் மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு எல்லாரும் ஒரே குரலில் சொல்வது ஒன்று உண்டு: "காலுக்கு ரெஸ்ட் குடுங்க. தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான்."

எனக்கு இந்தக் கடைசி வரியோடுதான் சண்டை. சூப்போடு ஒரு தகராறும் இல்லை, நானும் குடிப்பேன்.

எனக்குப் பிழைப்பே மூட்டுதான். உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பை அழுத்திப் பார்ப்பது, இழுத்துப் பார்ப்பது, சில நாள் கிழியும்வரை இழுப்பது, எவ்வளவு தாங்கியது என்று எழுதிவைப்பது. மலேசியாவில் இந்தத் துறைக்கு வயது அதிகமில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் துறை தொடங்கியதே 1997இல்தான். அதனால் உறவுக்காரர்களுக்கு என் வேலையைப் புரியவைப்பது கஷ்டம். "ஆஸ்பத்திரி சாமானெல்லாம் செய்யுற படிப்பு" என்று அம்மா சொல்லி முடித்துவிடுவார். பாதி சரி.

எங்கள் மெஷினில் ஏறுவது பெரும்பாலும் ஆட்டு முட்டி. சௌ கிட் பாசாரில் வழக்கமாக வாங்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அன்றைக்கு அறுத்த ஆடாக இருக்க வேண்டும், மூட்டைச் சுற்றியிருக்கும் உறை கிழியக் கூடாது, மேலேயும் கீழேயும் ஒரு சாண் எலும்பை விட்டு வெட்ட வேண்டும். காற்றுப் பட்டால் குருத்தெலும்பு காய ஆரம்பித்துவிடும். காய்ந்ததை அளந்து பிரயோஜனமில்லை. "இப்படி வெட்டுனா சாறு எறங்காதும்மா" என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். சூப் வைக்க இல்லை என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

உறையைக் கத்தியால் கீறினால் முதலில் மூட்டு நீர் வரும். கொஞ்சம்தான். இளமஞ்சளாக, இரண்டு விரலுக்கு நடுவில் நூலாக நீளும். அதற்குக் கீழே தொடை எலும்பின் முனை. கறிக்கடையில் சிதறிக் கிடக்கும் எலும்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்ப முடியாத அழகு. நீலம் ஓடிய வெள்ளை, டியூப்லைட் வெளிச்சம் அப்படியே அதில் தெரியும். கையுறை போட்ட விரலை வைத்தால் நிற்காமல் வழுக்கிப் போகும். ஆட்டுக்கு இந்தப் பூச்சு ஒரு மில்லிமீட்டர் சுற்றித்தான் இருக்கும். மனித முழங்காலில் 2 முதல் 4 மில்லிமீட்டர், முட்டிச் சில்லின் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் தடிப்பு. அறுபது எழுபது வருஷம் ஒரு ஆள் நடப்பது, குதிப்பது, மாடி ஏறுவது எல்லாம் இந்தச் சில மில்லிமீட்டரை நம்பித்தான்.

புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு பழைய சோதனை. ஹுல்ட்க்ரான்ட்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டு உடற்கூற்றியல் அறிஞர் 1898இல் வெளியிட்டது. உருண்டையான ஊசி ஒன்றைக் குருத்தெலும்பில் குத்தி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஊசி வட்டம், ஆனால் துளை வட்டமாக விழாது; ஒரு சின்னக் கீறலாகப் பிளந்து நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் குத்திக்கொண்டே போய், கறுப்பு மையைத் தடவித் துடைத்தால் அத்தனை கீறலும் வரிசை பிடித்து ஒரு திசையைக் காட்டும். மேல் அடுக்கில் கொலாஜன் என்ற புரத இழைகள் படுத்திருக்கும் திசை அது. ஆழத்தில் அதே இழைகள் செங்குத்தாக நின்று எலும்புக்குள் வேர் விட்டிருக்கும். மூட்டு எந்தப் பக்கம் அசைகிறது, எங்கே பாரம் விழுகிறது என்பதற்கும் இந்த வரிகளுக்கும் தொடர்பு உண்டு. ஒரு ஊசி, ஒரு சொட்டு மை. இதைவிட மலிவான சோதனை எங்கள் கூடத்தில் வேறு இல்லை.

இழைகளுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் தண்ணீர். எடையில் 65 முதல் 80 சதவீதம். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பது அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. அதன் மேல் முழுக்க எதிர்மின்னூட்டம், அதனால் ஓயாமல் தண்ணீரை உள்ளே இழுத்து உப்பப் பார்க்கும். கொலாஜன் வலை உப்ப விடாமல் இறுக்கிப் பிடிக்கும். எலும்பிலிருந்து மெல்லிய பட்டையாகச் சீவி உப்புக் கரைசலில் போட்டால் குருத்தெலும்பு தானாகச் சுருண்டுகொள்வதைப் பார்க்கலாம். யாரும் தொடாதபோதே அதற்குள் அப்படி ஓர் இழுபறி நடந்துகொண்டிருக்கிறது.

சரி, மெஷினுக்கு வருவோம். சிறு வட்டமாக வெட்டி எடுத்த துண்டை உப்புக் கரைசலில் மூழ்கவைத்து, மேலிருந்து பத்து சதவீதம் அழுத்தி, அப்படியே நிறுத்திவிடுவோம். திரையில் விசைக் கோடு விருட்டென்று மேலே ஏறும். அப்புறம் யாரும் எதையும் தொடாமலே கீழே இறங்க ஆரம்பிக்கும். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. போய்ப் பசியாறிவிட்டு வந்து பார்த்தாலும் இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொண்டிருக்கும். அழுத்திய அளவு மாறவில்லை, விசை மட்டும் குறைகிறது. உள்ளே நடப்பது இதுதான்: அழுத்திய நொடியில் பாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தாங்குவது இழைகள் இல்லை, தண்ணீரின் அழுத்தம். தண்ணீர் வெளியேறப் பார்க்கிறது, ஆனால் வழியின் அகலம் சில நானோமீட்டர்தான், சட்டென்று போக முடியாது. அது மெல்ல மெல்லக் கசியக் கசியப் பாரம் திடப்பொருளின் தலையில் இறங்குகிறது. 1980இல் வான் மோவும் அவருடைய குழுவினரும் இதைக் கணிதமாக எழுதினார்கள். திடமும் திரவமும் சேர்ந்த ஒரே பொருள் என்று எடுத்துக்கொண்ட அந்தக் கோட்பாட்டை வைத்துத்தான் இன்றைக்கும் எங்கள் வளைகோடுகளைப் படிக்கிறோம்.

நடக்கும்போது ஒரு காலடி தரையில் இருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. தண்ணீர் வெளியே போக அவகாசமே கிடைப்பதில்லை. அதற்குள் அடுத்த கால் பாரத்தை வாங்கிக்கொள்கிறது, போன கொஞ்சமும் திரும்பி வந்துவிடுகிறது. ஆக, நல்ல முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசுவது கிடக்கட்டும், குருத்தெலும்பும் குருத்தெலும்பும்கூடச் சரியாக உரசுவதில்லை. உராய்வுக் கெழு 0.01 பக்கம், பல அளவீடுகளில் அதற்கும் கீழே. மனிதன் செய்த பேரிங்குகளில் இதை எட்டுவதற்குத் தனியாக எண்ணெயும் பம்பும் வைக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்தத் "தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான்" கதை. நம்மில் பலர் மனதுக்குள் வைத்திருப்பது டயர் கணக்கு. ஓட்டினால் தேயும், நிறுத்திவைத்தால் மிஞ்சும். டயருக்குள் உயிர் கிடையாது, அதனால் அந்தக் கணக்கு அங்கே செல்லும். குருத்தெலும்புக்குள் உயிரணுக்கள் இருக்கின்றன. எண்ணிக்கை குறைவு, மொத்தக் கன அளவில் சில சதவீதம்தான். ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. சாப்பாடு வருவது மூட்டு நீரிலிருந்து, ஊறி ஊறி. பாரம் ஏறி இறங்கும்போது திரவம் உள்ளேயும் வெளியேயும் நகர்வது அதற்கு ஒத்தாசை. அதைவிட முக்கியமானது, அழுத்தமே அந்த உயிரணுக்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் எம்ஐடியில் ஆலன் கிரோட்ஸின்ஸ்கியின் ஆய்வுக்கூடம் 1989இல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். குருத்தெலும்புத் துண்டுகளை ஒரே அடியாக அழுத்தி அப்படியே வைத்தால் உள்ளே புதுப்பொருள் உற்பத்தி குறைகிறது. அதே துண்டுகளை விட்டு விட்டு, தாளத்தோடு அழுத்தினால் உற்பத்தி கூடுகிறது. பாரம் இரண்டிலும் உண்டு. வித்தியாசம் தாளத்தில்.

பாரமே இல்லாவிட்டால்? தண்டுவடத்தில் அடிபட்டுக் கால் அசையாமல் போனவர்களை எம்ஆர்ஐயில் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். முழங்கால் குருத்தெலும்பு மாதக் கணக்கில் மெலிந்துகொண்டே போகிறது. உபயோகிக்காத டயர் மெலிந்து நான் பார்த்ததில்லை.

எதிர்முனையில் ஓட்டக்காரர்கள். 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டழற்சி இருந்தது 3.5 சதவீதம். ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். ஓட்டம் மருந்து என்று இதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். முட்டி நன்றாக இருக்கிறவர்தான் ஓடவே போவார் என்பதும் இதில் கலந்திருக்கிறது. ஆனால் ஓடினால் முட்டி போய்விடும் என்று தித்திவாங்சா ஏரிப் பக்கம் என்னை நிறுத்திப் புத்தி சொல்லும் மாமாக்கள் இந்த எண்களைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

இன்னொன்று. மூட்டழற்சியில் குருத்தெலும்பு போவது உரசித் தேய்ந்து மட்டுமில்லை. நோய் பிடித்த மூட்டில் அந்த உயிரணுக்களே நொதிகளைச் சுரந்து சுற்றியிருக்கும் கொலாஜனையும் அக்ரிகனையும் கரைக்கின்றன. மூட்டின் உள்சவ்வு வீங்கி அதைத் தூண்டிவிடுகிறது. வீட்டில் குடியிருப்பவரே சுவரை இடிக்கும்போது வாசலைப் பூட்டிவைத்து என்ன பயன்?

அம்மாவுக்குச் சொல்லப்பட்டது வாசலைப் பூட்டச் சொல்லித்தான். இளவயதில் கோலசிலாங்கூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் நிரையில் இறங்கி, தாழ்வெட்டு மரத்துக்குக் குனிந்து, உயர்வெட்டுக்கு அண்ணாந்து, கடைசியில் பால்வாளியைச் சுமந்து வந்த கால் அது. ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "தேய்மானம். படி ஏறாதீங்க, கீழே உக்காராதீங்க, அதிகம் நடக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். படத்தில் மோசமாக இருப்பவருக்கு வலி குறைவாக இருப்பதும், படத்தில் சுமாராக இருப்பவர் வலியால் துடிப்பதும் சகஜம். அதையெல்லாம் யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா சொன்ன பேச்சைக் கேட்கிறவர். வாசலில் கோலம் போடுவது நின்றது, செந்தூல் பாசாருக்கு நடப்பது நின்றது, பத்துமலை நின்றது. தொடைச் சதை வற்றியது, எடை ஏறியது, வலி கூடியது. கூடிய வலியைக் காட்டி, "பாத்தியா, தேஞ்சிக்கிட்டேதான் போவுது" என்றார்.

படி ஏறாதே என்பதில் ஒரு நியாயம் இல்லாமலில்லை, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெர்லினில் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் செயற்கை முழங்காலுக்குள் விசை அளக்கும் கருவியையே பொருத்தினார்கள். அதைப் பொருத்திக்கொண்டவர்கள் நடக்க நடக்க, முட்டிக்குள் எவ்வளவு பாரம் விழுகிறது என்று வெளியிலிருந்து கம்பி இல்லாமல் படிக்க முடிந்தது. 2010இல் ஐந்து பேரிடம் அளந்து வெளியிட்ட சராசரிகள் இவை: சமதரையில் நடக்கும்போது உச்சப் பாரம் உடல் எடையின் 261 சதவீதம். மாடி ஏறும்போது 316. இறங்கும்போது 346. நாற்காலியிலிருந்து எழுந்தால் 246.

பத்துமலைக்கு 272 படி. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் முட்டி வாங்குவது 190 கிலோ அளவிலான விசை, இறங்கும்போது 200 கிலோவைத் தாண்டிவிடும். பினாங்குத் தண்ணீர்மலைக்கு 513 படி, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உடம்புக் கனம் முழுக்க இரண்டு காலில்தானே என்று கேட்பார்கள். படியில் ஒரு நேரத்தில் ஒரு கால்தான். அதற்கு மேல், மடங்கிய முட்டி சரிந்துவிடாமல் இருக்கத் தொடைத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுவையும் மூட்டின் மேல்தான் விழுகிறது. அதனால்தான் எடை குறைப்பது முட்டிக்கு இவ்வளவு உதவுகிறது. வட கரோலினாவில் முட்டி வலியுள்ள, எடை கூடிய முதியவர்களிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வு, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் நான்கு கிலோ குறைகிறது என்று காட்டியது.

ஏறுவது மூச்சுக்குக் கஷ்டம், இறங்குவது முட்டிக்குக் கஷ்டம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். தசைக்குப் பலமில்லாவிட்டால் கடைசி நேரத்தில் பிரேக் விட்டு, கால் தொப்பென்று விழும். தைப்பூசத்தன்று கவனித்துப் பாருங்கள், காவடியோடு ஏறிய இளவட்டங்கள்கூடத் திரும்பி வரும்போது பக்கவாட்டில் ஒருக்களித்து, கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குவார்கள். பத்துமலைக்கு எஸ்கலேட்டர் வைப்பது பற்றி அவ்வப்போது பேச்சு அடிபடுகிறது. ஒரு பக்கத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், தயவுசெய்து இறங்கும் பக்கத்துக்கு வையுங்கள். ஏறுவதற்கு வேண்டுதல் இருக்கிறது, இறங்குவதற்கு எதுவும் இல்லை.

போன குருத்தெலும்பு திரும்ப வளருமா என்பதுதான் அடுத்த கேள்வி. 1743இலேயே லண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் எழுதிவைத்துவிட்டார், அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று. காரணம் முன்னே சொன்னதுதான். தோலில் வெட்டுப்பட்டால் ரத்தம் வரும், உறையும், அந்த உறைவுக்குள் உயிரணுக்கள் வந்து ஒட்டுப்போடும். ரத்தமே இல்லாத இடத்தில் ஒட்டுப்போட யார் வருவது? அதனால் அறுவை மருத்துவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். அடியிலிருக்கும் எலும்பில் சிறு துளைகள் போட்டு மஜ்ஜை ரத்தத்தை மேலே வரவைப்பது. வரும், குழி நிரம்பும். ஆனால் வளர்வது வேறு சரக்கு, தழும்பைப் போன்ற நார்க் குருத்தெலும்பு. எங்கள் மெஷினில் வைத்தால் தெரிந்துவிடும்: தண்ணீரைப் பிடித்துவைக்கத் தெரியாது, விசைக் கோடு ஏறிய வேகத்தில் இறங்கிவிடும்.

அடுத்த பெரிய அடி 1994இல் ஸ்வீடனிலிருந்து. மாட்ஸ் பிரிட்பெர்க்கும் லார்ஸ் பீட்டர்சனும் நோயாளியின் குருத்தெலும்பிலிருந்தே உயிரணுக்களை எடுத்து, வெளியே பெருக்கி, குழிக்குள் வைத்து மூடினார்கள். 23 பேர். திசுப் பொறியியல் என்று ஒரு துறை நிமிர்ந்து நின்றதற்கு அந்தக் கட்டுரை ஒரு காரணம். நம் ஊரிலும் சும்மா இருக்கவில்லை. செராஸில் கேபாங்சான் பல்கலைக்கழகத்தின் திசுப் பொறியியல் ஆய்வாளர்கள் உயிரணுக்களை, ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினில் கலந்து செம்மறியாட்டு முட்டியில் வைத்துப் பார்த்தார்கள். கோலாலம்பூர் விளையாட்டு மருத்துவ மையத்தில் டாக்டர் சா கே யோங் தலைமையிலான குழு முதலில் ஆடுகளில் செய்து பார்த்தது. பிறகு எலும்பில் துளையிட்ட நோயாளிகளுக்கு, அவர்கள் ரத்தத்திலிருந்தே பிரித்த குருத்தணுக்களை (ஸ்டெம் செல்), மூட்டு நீரில் இயல்பாகவே இருக்கும் ஹையலுரானிக் அமிலத்தோடு சேர்த்து ஊசியாகப் போட்டது. 2013இல் வெளியான அந்த ஆய்வில் 50 பேர். பாதிப் பேருக்கு அமிலம் மட்டும், பாதிப் பேருக்குக் குருத்தணுவும் சேர்த்து. திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோதும் எம்ஆர்ஐயிலும் குருத்தணுக் குழுவுக்கு மதிப்பெண் அதிகம். ஆனால் நோயாளிகளே தங்கள் முட்டியைப் பற்றிச் சொன்ன மதிப்பீட்டில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். திசு நன்றாக வளர்வதும் ஆள் நன்றாக உணர்வதும் ஒரே விஷயமில்லை என்று தங்கள் எண்களையே வைத்துக் காட்டிய நேர்மையான ஆய்வு. "ஸ்டெம் செல் ஊசி, முட்டி புதுசாகிவிடும்" என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் படித்திருப்பார்கள் போல.

பொறியியல் பக்கத்தில் எங்களைத் தூங்கவிடாத பிரச்சினை வேறு. புதுத் துண்டைக் குழிக்குள் வைத்துவிடலாம். சுற்றியிருக்கும் பழைய குருத்தெலும்போடு அது ஒட்டாது. பார்க்க ஒன்றாகத் தெரியும். கீழேயிருந்து ஒரு கம்பியால் தள்ளினால் டக்கென்று கழன்று வரும். எவ்வளவு விசையில் கழன்றது என்பதுதான் அன்றைய நாளின் எண். அது பாதி நாள் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

எலும்பையும் எலும்பையும் கட்டிப்பிடிக்கும் நாரான லிகமென்டின் கதை கொஞ்சம் பரவாயில்லை. சித்தி மகன் ஃபுட்சால் ஆடப் போய் முட்டிக்கு நடுவே இருக்கும் ஏசிஎல் என்ற லிகமென்டை அறுத்துக்கொண்டு வந்தான். அவன் கேட்டது நல்ல கேள்வி: "அக்கா, என் கூட ஆடுறவனுக்கு பக்கத்து லிகமென்ட் கிழிஞ்சது. கட்டு போட்டாங்க, தானா சேந்துருச்சு. எனக்கு மட்டும் ஏன் ஆபரேஷன்?" பக்கவாட்டு லிகமென்ட் மூட்டு நீருக்கு வெளியே இருக்கிறது. கிழிந்தால் ரத்தம் உறைந்து இரண்டு முனைக்கும் பாலம் கட்டும். ஏசிஎல் மூட்டுக்குள், நீருக்கு நடுவே. உறைவு நிலைக்குமுன் அங்கிருக்கும் பிளாஸ்மின் நொதி அதைக் கரைத்துவிடும். பாஸ்டனில் மார்த்தா மர்ரே பல வருஷம் இந்த ஒரு இடத்தையே குடைந்தார். நோயாளியின் ரத்தத்தை ஊறவைத்த கொலாஜன் துண்டு ஒன்றை இரு முனைக்கும் நடுவில் வைத்து உறைவைக் காப்பாற்றும் அவருடைய முறைக்கு 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சித்தி மகனுக்குச் செய்தது வழக்கமான முறை, தொடைக்குப் பின்னாலிருந்து, தசையை எலும்போடு இணைக்கும் நாணை எடுத்து வைத்துக் கட்டினார்கள். வைத்த நாண் உள்ளே முதலில் உயிரிழக்கும், பிறகு புது உயிரணுக்கள் குடியேறி அதை மாற்றிக் கட்டும். நடுவில் சில மாதங்கள் அது வைத்த அன்றைவிடப் பலவீனமாக இருக்கும். சரியாக அப்போதுதான் வீக்கம் வடிந்து, வலி போய், பையனுக்கு ஆடலாம் போலத் தோன்றும். அவனை அடக்க நான் எண்களைக் காட்டினேன். 1991இல் சாவியோ வூ குழுவின் சோதனையில் 22 முதல் 35 வயதுக்காரர்களின் ஏசிஎல் அறுவதற்கு 2160 நியூட்டன் வேண்டியிருந்தது, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 658தான். "நீ இப்ப தாத்தா லிகமென்டோட இருக்கே" என்றேன். அதற்காக அசையாமல் கிடப்பதும் சரியில்லை. 1974இல் ஃபிராங்க் நோயஸ் குரங்குகளின் காலை எட்டு வாரம் கட்டுப்போட்டு வைத்தபோது, அடிபடாத நல்ல ஏசிஎல்லின் பலமே ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. ஓராண்டு ஓடியாடியும் முழுசாகத் திரும்பவில்லை. எட்டு வாரத்தில் இழந்ததை மீட்க ஒரு வருஷம் போதவில்லை. டொராண்டோவில் ராபர்ட் சால்ட்டர் அடிபட்ட முட்டியை மெஷினில் வைத்து மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கும் முறையை எழுபதுகளில் கொண்டுவந்தபோது, அடிபட்டால் அசைக்காதே என்பதுதான் பெரிய டாக்டர்களின் வாக்கு. அவர் முயல்களை வைத்து அதை மாற்றிக் காட்டினார்.

குளுக்கோசமின் பற்றி யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். 2006இல் அமெரிக்காவில் 1583 பேரை வைத்துச் செய்த பெரிய சோதனையில், மொத்தமாகப் பார்த்தால் அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை வெல்லவில்லை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது. ஒரு டப்பாவுக்கு ஆகும் காசில் நல்ல காலணி வாங்கலாம்.

அம்மாவை இப்போது பார்ப்பது ஒரு இளம் பிசியோ, ஈப்போக்காரப் பெண். முதல் நாளே அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள். அம்மாவால் முடியவில்லை. "இதாம்மா முதல் வேலை, முட்டிய அப்புறம் பாக்கலாம்" என்றாள். உயரமான நாற்காலியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்த நாற்காலிக்கு. காலை நீட்டித் தொடையை இறுக்கிப் பிடிப்பது, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தூக்கி மெதுவாக இறக்குவது. மெதுவாக இறக்குவதில்தான் அவளுக்குக் கண். அம்மாவின் பெரிய சந்தேகம், "வலிச்சா நிறுத்திடணும்னுதானே சொன்னாங்க?" அதற்கு அவள் வைத்திருக்கும் கணக்கு எளிது: செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், மறுநாள் காலையில் வலி பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால் அளவு சரி. கூடியிருந்தால் அடுத்த தடவை குறைத்துக்கொள்ள வேண்டும், விட்டுவிடக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் எத்தனை சதவீதம், நொடிக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் அதே கேள்விக்கு, மெஷின் இல்லாமல் அம்மாவின் காலை நேரத்தை வைத்தே பதில் எடுக்கிறாள்.

எங்கள் அடுக்குமாடியில் அம்மா இப்போது படியில் ஏறுகிறார், இறங்க லிஃப்டைப் பிடிக்கிறார். மற்ற எல்லாரும் செய்வதற்கு நேரெதிர். லிஃப்ட் கெட்டுப்போச்சா என்று மூன்றாவது மாடி அக்கா பதறிப்போய்க் கேட்டிருக்கிறார். இறங்கும் பாடம் அடுத்து வரும், முதலில் ஒரே ஒரு படியில், கைப்பிடியோடு என்று பிசியோ சொல்லியிருக்கிறாள். தைப்பூசத்துக்கு மலை ஏற விடுவாளா என்று அம்மா என்னைக் கேட்கச் சொல்கிறார். நீங்களே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.